நின்றால் இறங்கும் பி.பி.

எனக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. பி.பி. 2011-ல் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு தண்டையார்பேட்டையில், மாடி போர்ஷன். போன வருஷம் கோடையில் தலைசுற்றல் என்று ஆரம்பித்து, காது டாக்டர், எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் என்று அலைந்து, நடுராத்திரியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, 80,000 ரூபாய்க்கு மேல் கரைத்த பிறகுதான் தெரிந்தது, இத்தனைக்கும் பாதிக் காரணம் நான் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள் என்று. மாத்திரையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் சில வகை நரம்பின் வேலையில் கைவைக்கும், உட்கார்ந்திருக்கும்போது சரியாகக் காட்டுகிற பி.பி. எழுந்து நின்றதும் சரிந்துவிடும் என்று ஒருத்தராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அப்போது வீட்டில் நான் தனி. மனைவி மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள்.

முதலில் மாத்திரை வரிசையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மீதி புரியாது. ஆரம்பத்தில் அம்லோடிபின். கணுக்கால் வீங்கியதால் அதை எடுத்துவிட்டு சில்னிடிபின் கொடுத்தார்கள். கூடவே டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை ஒன்று. அந்த இரண்டாவது பெயர், உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியே தள்ளும் மருந்து. இவற்றோடு பல வருஷம் பிரச்சினை இல்லாமல் போனது. மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்தில் பி.பி. 170/100 என்று ஏறி நின்றது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பிரசோசின் சேர்த்தார், முதலில் 2.5 மில்லிகிராம், அப்புறம் 5. "ராத்திரி படுக்கும்போது போட்டுக்குங்க" என்றார். சித்திரை பிறந்ததும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிற தொல்லை. சிறுநீரக டாக்டர் ஸ்கேன் பார்த்து, புரோஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று டாம்சுலோசின் எழுதினார். வேறு என்ன மாத்திரை என்று கேட்டார். பி.பி.க்கும் சர்க்கரைக்கும் போடுகிறேன் என்றேன். தலையாட்டிக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரத்திலிருந்தே ஆரம்பித்தது. கல்லாவுக்குக் கீழே இருக்கிற பழைய பில் புத்தகத்தைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தால் கண்ணில் சாம்பல் நிறமாகப் படர்ந்து, காதில் ஒரு இரைச்சல் கேட்டு, நாலைந்து நொடியில் எல்லாம் சரியாகிவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் இன்னும் மோசம். பின் கழுத்திலும் இரண்டு தோளிலும் ஒரு இழுப்பு வலி, அது நின்றால் வரும், படுத்தால் போய்விடும். கடைப்பையன்கள் "வெயிலு ஐயா, மோர் குடிங்க" என்றார்கள். வெயிலும்தான் அடித்தது, அக்கினி நட்சத்திரம். காது டாக்டரிடம் போனேன். காதில் தண்ணீர் சமநிலை கெட்டிருக்கும் என்று பீட்டாஹிஸ்டின் மாத்திரை, ஒரு காதுப் பரிசோதனை. தலைசுற்றல் எதற்கும் கேட்கவில்லை. கழுத்து வலியைச் சொன்னதும் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று பெல்ட் வாங்க வைத்தார். என் வயதில் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும் என்று பிறகு ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். பெல்ட் இன்னும் பீரோ மேல் கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் போய் "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தோன்றுவதெல்லாம் காதும் கழுத்தும்தான். எப்போது வருகிறது என்பதைச் சொல்லுங்கள். படுக்கையில் புரண்டால் அறை சுழல்கிறது என்றால் அது காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். படுத்தால் ஒன்றும் இல்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்றால் அது ரத்தம் தலைக்கு ஏறாத கோளாறு. எனக்கு இருந்தது முழுக்க முழுக்க இரண்டாவது. நானும் அதைத்தான் சொன்னேன், கேட்டவர்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டரை மணி இருக்கும், சிறுநீர் கழிக்க எழுந்தேன். பாத்ரூமில் நின்றபடியே போய் முடித்தது வரை நினைவு இருக்கிறது. அடுத்து நினைவுக்கு வருவது கன்னத்தில் பட்ட டைல்ஸின் குளிர்ச்சி, பக்கெட் கவிழ்ந்து ஓடிக்கொண்டிருந்த தண்ணீர். எழுந்து உட்காரப் பார்த்தேன், மறுபடி இருட்டியது. இடது கை மணிக்கட்டு வேறு ஒரு கோணத்தில் இருந்தது. தனியாக இருக்கிறோமே என்று பாத்ரூம் கதவைத் தாழ் போடாமல் விட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. தவழ்ந்து ஹால் வரை வந்து, போனை எடுத்துக் கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் மகன் ஓடி வந்து, "அண்ணே, எழுந்திரிக்காதீங்க, அப்டியே படுங்க" என்று சொன்னான். அன்று ராத்திரி கிடைத்த மிகச் சரியான வைத்தியம் அதுதான். படுத்தேன், இரண்டு நிமிஷத்தில் தலை தெளிந்துவிட்டது.

ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. மயங்கி விழுந்தவர் என்பதால் தலைக்கு சி.டி., அப்புறம் எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், ஈ.சி.ஜி., எக்கோ. எல்லாம் நார்மல். ஒவ்வொன்று நார்மல் என்று வரும்போதும் எனக்குப் பயம் ஏறியது, ஏதோ கண்டுபிடிக்க முடியாத வியாதி என்று. வார்டில் பி.பி. பார்த்தவர்கள் எல்லாரும் படுத்திருக்கும்போதே பார்த்தார்கள். 190/100 காட்டியது. விழுந்த மனிதனுக்கு பி.பி. அதிகம் என்று ஆகிவிட்டது. பிரசோசினை நிறுத்திவிட்டு குளோனிடின் என்ற மாத்திரையை ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று ஆரம்பித்தார்கள். டாம்சுலோசின் அப்படியே தொடர்ந்தது. டிஸ்சார்ஜ் தாளில் குளோனிடினுக்கு நேரே பத்து நாள் என்று எழுதியிருந்தது. பில் 61,000. இன்சூரன்ஸ் கம்பெனி, பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தது என்று சொல்லி க்ளைமைத் தள்ளுபடி செய்தது. உடைந்த கை அவர்கள் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பகல் முழுக்கத் தூக்கம் தூக்கமாக வரும். எழுந்தால் இருட்டுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. பத்து நாள் முடிந்தது, மாத்திரை முடிந்தது, தாளில் இருந்தபடி நிறுத்தியாயிற்று. அடுத்த நாள் ராத்திரி தூக்கமே இல்லை. அதற்கு மறுநாள் காலையில் நெஞ்சு படபடவென்று அடிக்க, விரல் நடுங்க, பின்மண்டையில் வலி. சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. காரணம் தெரியாத ஒரு பயம், யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டது மாதிரி உடம்பு பதறியது. கையில் பி.பி. மிஷின் கட்டிப் பார்த்தால் 212/118. இந்த முறை பழைய இடத்துக்குப் போக மனசு வரவில்லை, பணமும் இல்லை. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருந்த இளம் டாக்டரம்மா, என் மகளைவிடச் சின்னவராக இருப்பார், டிஸ்சார்ஜ் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. "குளோனிடின் எப்ப நிறுத்துனீங்க ஐயா?" என்றார். சொன்னேன். அதே மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி ஒன்று கொடுத்து, ஈ.சி.ஜி. எடுத்து, கட்டிலில் படுக்க வைத்தார். மதியத்துக்குள் 160-க்கு இறங்கியது. புதிதாக எந்த மருந்தும் இல்லை, நிறுத்தியதைத் திருப்பிக் கொடுத்ததுதான். குளோனிடின் மூளைத்தண்டில் போய் வேலை செய்யும், அங்கிருந்து இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகிற நரம்புக் கட்டளையையே குறைக்கும். திடீரென்று நிறுத்தினால் இத்தனை நாள் அடங்கியிருந்த நரம்பெல்லாம் ஒரே நேரத்தில் கட்டவிழ்ந்துகொள்ளும். நிறுத்திய பிறகு 18 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பி.பி. எகிறும். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மெடோப்ரோலால், அடெனலால் மாதிரி நாடியை அடக்கும் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து, அதை முதலில் எடுத்துவிட்டுத்தான் குளோனிடினைத் தொட வேண்டும் என்றார். அந்த மெடோப்ரோலால் வகையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, இதயத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே வரலாம்.

மறுநாள் காலையில் அவர் செய்ததுதான் எனக்கு முன்பு யாருமே செய்யாதது. கட்டிலில் ஐந்து நிமிஷம் அசையாமல் படுக்க வைத்து பி.பி.யும் நாடியும் பார்த்தார்: 156/92, நாடி 78. "இப்ப எழுந்து நில்லுங்க ஐயா, கையை நான் பிடிச்சுக்கறேன், கண்ணு இருட்டுச்சுன்னா உடனே சொல்லணும்." ஒரு நிமிஷத்தில் 112/70. மூன்றாவது நிமிஷத்தில் 104/66, நாடி 84. எனக்குக் கால் தொளதொளக்க ஆரம்பித்தது, உட்கார வைத்துவிட்டார். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20-க்குக் குறையாமல் இறங்கினாலோ, கீழ் எண் 10-க்குக் குறையாமல் இறங்கினாலோ அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். எனக்கு இறங்கியது 52. எண்பதாயிரம் செலவில் கிடைக்காத பதில், கையில் கட்டும் ஒரு பட்டையிலும் மூன்று நிமிஷத்திலும் கிடைத்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபமா நிம்மதியா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது என்னவோ உண்மை.

அவர் சொன்னதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நாம் படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் கீழே எல்லாரும் குழாயைத் திறந்துவிட்டால் மாடிக்குத் தண்ணீர் ஏறாதே, அந்தக் கதைதான். கழுத்தில் மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்குவதை அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும். அங்கிருந்து உடனே உத்தரவு வரும்: இதயமே, வேகமாக அடி, கால், வயிற்று ரத்தக்குழாய்களே, இறுகுங்கள். நரம்பு நுனியில் சுரக்கும் நாரட்ரீனலின் என்ற பொருள் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டதும் குழாய் சுருங்கும். இதெல்லாம் சில நொடிகளில் நடந்துவிடுவதால்தான் மனிதனால் நிமிர்ந்து நிற்க முடிகிறது.

பிரசோசின் என்ன செய்கிறது என்றால் அந்த ஆல்ஃபா ஏற்பியை அடைத்துவிடுகிறது. உத்தரவு வரும், குழாய் சுருங்காது. உட்கார்ந்திருந்தால் பி.பி. அழகாக இறங்கும், நின்றால் தாங்காது. முதல் மாத்திரையிலேயே சிலர் மயங்கி விழுவது உண்டு, அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து ராத்திரி படுக்கும்போது போடச் சொல்கிறார்கள். ஆனால் என் வயதில் ராத்திரி சிறுநீருக்கு எழாதவர் யார்? டாம்சுலோசினும் அதே ஆல்ஃபா குடும்பம். அது பெரும்பாலும் புரோஸ்டேட்டில் இருக்கும் ஏற்பிகளைத்தான் குறிவைக்கும் என்றாலும் ரத்தக்குழாயை முழுசாக விட்டுவிடுவதில்லை. ஆக, இரண்டு டாக்டர்கள் ஒரே கதவை இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறார்கள். அதோடு உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும் மாத்திரை, அக்கினி நட்சத்திர வியர்வை. போதாததற்கு இத்தனை வருஷச் சர்க்கரை. சர்க்கரை காலில் எரிச்சல் தருகிற மாதிரி, இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் போகிற தானியங்கி நரம்புகளையும் அரித்துவிடுமாம். எனக்கு பி.பி. 52 இறங்கியும் நாடி ஆறுதான் ஏறியது. உடம்பில் தண்ணீர் மட்டும் குறைந்திருந்தால் நாடி நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நரம்பே சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெடோப்ரோலால் மாதிரி நாடியை அடக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. கழுத்து, தோள் வலிக்கும் இதுதான் காரணம், நிற்கும்போது அந்தத் தசைகளுக்கு ரத்தம் போதவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, நரம்பைக் கட்டிப்போட்டு பி.பி.யைக் குறைப்பதுதான் ஆரம்பகால வைத்தியமே. 1950-களில் ஹெக்ஸாமெத்தோனியம் போன்ற மருந்துகள் நரம்பு முடிச்சுகளையே அடைத்தன, பி.பி. இறங்கியது, நோயாளிகள் நின்றால் மயங்கினார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரைப் பற்றி பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பின், நரம்பு நுனியில் இருக்கும் நாரட்ரீனலின் கையிருப்பையே காலி செய்துவிடும். குளோனிடினோ மூக்கடைப்புக்கு மருந்து தேடப்போய் பி.பி. மருந்தாக மாட்டியது. இப்போது முதலில் தரப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் நரம்பை விட்டு விலகியவை. ஆல்ஃபா வகையை முதல் மாத்திரையாகத் தருவது குறைந்ததற்கு ஒரு காரணம் அமெரிக்காவில் நடந்த ஆல்ஹாட் ஆய்வு. அதில் டாக்சசோசின் கொடுத்த பிரிவில் இதயச் செயலிழப்பு அதிகம் என்று 2000-ல் அந்தப் பிரிவை மட்டும் பாதியிலேயே நிறுத்தினார்கள். மற்ற மாத்திரைகளுக்கு அடங்காத பி.பி.க்கு மேலே சேர்ப்பதாக இன்னும் எழுதுகிறார்கள், அதில் தப்பு இல்லை. சேர்த்த பிறகு நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதை நீங்களே வீட்டிலும் பார்க்கலாம். கையில் கட்டும் மிஷின் போதும். ஐந்து நிமிஷம் படுத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு முறை. கை தொங்கக் கூடாது, நெஞ்சு உயரத்தில் மேஜை மீதோ அலமாரி மீதோ தாங்கி வைக்க வேண்டும். பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும், பின்னால் நாற்காலியோ கட்டிலோ இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, கனமாகச் சாப்பிட்ட பிறகு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனால் எந்த டாக்டரும் தட்டிக்கழிக்க முடியாது. "நின்னா எவ்ளோ இருக்குன்னு ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டே கேட்கலாம். கூட்டம் அதிகம் என்றால் நர்ஸ் பார்ப்பார்கள்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து எழுதி வையுங்கள், முன்னால் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயர் உதவாது. பிரசோசின், டாக்சசோசின், டாம்சுலோசின், சைலோடோசின், அல்ஃபுசோசின் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் இரண்டு உங்கள் டப்பாவில் இருந்தால் இரண்டு டாக்டருக்கும் தெரிகிறதா என்று கேளுங்கள். டாபாக்ளிஃப்ளோசின் என்று சர்க்கரைக்குத் தருகிறார்களே, அது காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலும் வேறு வகை. ஆனால் சிறுநீரை அதிகம் போகவைப்பதால் அதுவும் கணக்கில் வரும். இன்னொன்று, ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் மறைக்கிற சில்டெனாஃபில் மாத்திரை. ஆல்ஃபா மாத்திரையோடு அதைப் போட்டால் பி.பி. பாதாளத்துக்குப் போகும். மெடிக்கல் ஷாப்பில் சத்தமாகக் கேட்க வேண்டாம், டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

குளோனிடின், மெடோப்ரோலால், அடெனலால் போடுகிறவர்கள் கையிருப்பு முடிகிற வரை காத்திருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் பக்கம் தண்ணீர் வடிய நாட்கள் ஆனது, மெடிக்கல் ஷாப் ஷட்டர் திறக்கவே இல்லை. ஐப்பசி பிறக்கும்போதே இரண்டு வார மாத்திரை கூடுதலாக வாங்கி பிளாஸ்டிக் டப்பாவில் மேல் அலமாரியில் வைத்துவிடுகிறேன். டிஸ்சார்ஜ் தாளில் ஒரு பி.பி. மாத்திரைக்கு நேரே நாள் கணக்கு போட்டிருந்தால், அதற்குப் பிறகு என்ன, நிறுத்தலாமா, குறைக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடமும் கேட்கலாம், பி.பி. அளக்கிறவர்கள்தானே, நிற்க வைத்தும் அளக்கச் சொன்னால் அளப்பார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம், அதன் விலை 212/118.

அன்றாடத்தில் நான் மாற்றிக்கொண்டவை சின்னச் சின்ன விஷயங்கள். எழும்போது கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் நிற்கிறேன். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்திலேயே யூரின் கேன். பாத்ரூம் போனாலும் உட்கார்ந்துதான். கூச்சமாகத்தான் இருந்தது, மாவுக்கட்டைவிடப் பரவாயில்லை. காலையில் எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அடுத்த அரை மணி நேரம் பி.பி. தாங்குகிறது, இது நரம்பு சோர்ந்தவர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும் வழியாம். இதயம், கிட்னி சரியில்லாதவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது கண் மங்கினால் காலைக் குறுக்கே பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கிறேன், முஷ்டியையும் இறுக்குகிறேன். வடிவுடையம்மன் கோயிலில் பௌர்ணமிக் கூட்ட வரிசையில் ஒருமுறை அது கைகொடுத்தது. சுடுதண்ணீர்க் குளியல் கிடையாது. மதியம் வயிறு முட்டச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்கு இறங்கிவிடும். எனக்குப் படுத்தால் பி.பி. ஏறுகிற கோளாறும் இருப்பதால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து திரும்பிய மனைவி, "என்னங்க, கட்டில் சாய்ஞ்சிருக்கு, வாஸ்துவா?" என்று கேட்டாள். தலை உயர்ந்து படுத்தால் ராத்திரி பி.பி. அவ்வளவாக ஏறாது, சிறுநீரும் அடிக்கடி வராது.

இப்போது பிரசோசின் இல்லை. குளோனிடினைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து எடுத்துவிட்டார்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு இல்லாத டெல்மிசார்டானும் சில்னிடிபினும் தொடர்கின்றன. டாம்சுலோசின் வேண்டியிருக்கிறது, அது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. படுத்தால் 148, நின்றால் 126 சுற்றி இருக்கிறது. சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, சர்க்கரை அரித்த நரம்பு அரித்ததுதான். ஆனால் குனிந்து பில் புத்தகம் எடுக்க முடிகிறது. மாத்திரை மாற்றிக் கொடுத்தால் மாற்றிய வாரமே நின்றும் அளந்து பார்க்கிறேன்.

பாக்கி இருப்பது இன்சூரன்ஸ் வழக்குதான். மாவுக்கட்டு போட்ட பில், எக்ஸ்ரே, மயங்கி விழுந்தது என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிற வரி எல்லாவற்றையும் நகல் எடுத்து முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு மாசத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எனக்கு வந்த பதில் பழைய பல்லவியே. மனு எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.